பரந்தன் தகடு ஆலையும் எங்கள் அண்ணாவும்

அண்ணாவின் முப்பத்தோராம் நாளில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, ஊரவர்களே, அண்ணாவோடு வேலை செய்தவர்களே, அவருடைய ஒரே தங்கை உங்களுக்கு எழுதுகிறேன். ஜெயபுரம் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருக்கும் எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை மட்டும் எழுது, மற்றதை விட்டுவிடு என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் குற்றமில்லை. நினைவு மலரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அண்ணியிடம் கேட்டேன். அண்ணி, "நடந்ததை எழுதுங்கோ மச்சாள். இல்லாட்டி ஒண்டும் எழுதாதேங்கோ" என்றார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது இனக்கலவரத்தில் லயம் எரிந்தது. அப்பா அவரைத் தோளில் சுமந்துகொண்டு, வயிற்றில் என்னோடிருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்தார். அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் நான் பிறந்தேன். பிறகு ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களோடு நாங்களும் குடியேறினோம். அம்மாவும் அப்பாவும் முதலில் கூலிக்குப் போனார்கள். பின்னர் சொந்தமாக வயல் செய்தார்கள். அண்ணா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கிளிநொச்சியில் ஒரு வேலைத்தலத்தில் வெல்டிங் பழகினார். துணுக்காயைச் சேர்ந்த அண்ணியைத் திருமணம் செய்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் அப்பாவை வழியிலேயே அடக்கம் செய்தோம். அந்த இடம் எது என்று இன்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டுமே இருந்தது.

அதன் பிறகுதான் அண்ணா வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். வெல்டிங் வேலைக்கென்று போனவரை அலுமினியத் தகடு உருட்டும் பெரிய ஆலை ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அந்தத் தகடு சாதாரணத் தகடல்ல. வாகன இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் றேடியேற்றர் செய்வதற்கென்றே உருவாக்கப்படுவது. முதல் விடுமுறையில் வந்தபோது அதை எனக்கு விளக்கினார். பக்கத்தில் தேநீரோடு பாண் இருந்தது. "பாண் துண்டுக்கு ரெண்டு பக்கமும் மாஜரின் பூசின மாதிரி எண்டு நினை. சூடு காட்டினால் மாஜரின் உருகும், பாண் அப்பிடியே நிக்கும். எங்கட தகடும் அப்பிடித்தான். நடுவில இருக்கிறது உருகாது, மேல்தோல் மட்டும் உருகி மூட்டுகளுக்குள்ள ஓடிப் பிடிச்சுக்கொள்ளும்" என்றார். ஒரு றேடியேற்றரில் இருக்கும் நூற்றுக்கணக்கான மூட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டியதில்லை, முழுதாக உலைக்குள் விட்டு எடுத்தால் எல்லாம் ஒரே தடவையில் ஒட்டிவிடும், அதற்குத்தான் இந்தத் தகடு என்று சொன்னார். அதை அங்கே பிறேசிங் தகடு என்று சொல்வார்களாம்.

ஆலையில் அண்ணாவின் வேலை, தடித்த அலுமினியக் கட்டி ஒன்றின் மேலும் கீழும், சிலிக்கன் கலந்த வேறு அலுமினியத் தகடுகளை வைத்துச் சேர்ப்பது. வைப்பதற்கு முன் மேற்பரப்பைத் தேய்த்துத் துடைக்கவேண்டும். ஓரங்களை வெல்டிங் செய்து, சூடாக்கி, உருளைகளுக்கிடையில் விடுவார்கள். அந்த அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். இடையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும், ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. விடுமுறைக்கு வந்தாலும் அண்ணா ஒருநாளில் எத்தனை தடவை கை கழுவுகிறார் என்று அம்மா என்னிடம் குறைப்பட்டார். அண்ணா அங்கே மேற்பார்வையாளராக உயர்ந்தார். எங்களுக்கு வீடு கட்டித் தந்தார். ஊரில் யாருடைய தண்ணீர் இறைக்கும் இயந்திரம் பழுதானாலும் விடுமுறை நாட்களில் அவர்தான் திருத்திக் கொடுத்தார். ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. சித்தப்பா எழுதச் சொன்ன நல்லவை இவை. எல்லாம் உண்மை.

வெளிநாட்டில் வாழும் இருவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் ஒன்று அண்ணாவைத் தேடி வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே காணி எடுத்திருப்பதாகவும், அங்கே பிறேசிங் தகடு உருட்டும் சிறிய ஆலை ஒன்றை அமைக்கப் போவதாகவும் சொன்னார்கள். கட்டிகளையும் மேல்தகடுகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து, இங்கே சேர்த்து உருட்டி, றேடியேற்றர் செய்பவர்களுக்கு அனுப்புவது திட்டம். இந்த வேலை தெரிந்த வன்னிக்காரர் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார் என்பதை அவர்கள் எப்படியோ அறிந்திருந்தார்கள்.

அண்ணி வேண்டாம் என்றார். "முதல்ல ஆலை ஓடட்டும், பிறகு வாங்கோ" என்று தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஓடிய பிறகு வருவதென்றால் யார் அதை ஓட வைப்பது என்று அண்ணா கேட்டாராம். அடுத்ததாக என்னோடு பேசினார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாங்கோ அண்ணா. அம்மாவுக்கும் வயசாகுது. இஞ்சயே வேலை இருக்கெண்டால் ஏன் அங்க தனியக் கிடக்கிறியள்?"

அண்ணா வேலையை விட்டுவிட்டு வந்தார்.

ஆலைக்கு ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் ஜெயபுரம், துணுக்காய், பரந்தன் என்று வீடு வீடாகப் போய்ப் பதினெட்டுப் பேரைச் சேர்த்தார். அவர்களில் பதினொரு பேர் பெண்கள். தகடு துடைக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும், அது பெண்களுக்குக் கூடுதலாக இருக்கும் என்று நினைத்தார். கோமதி என்பவர் அப்போது கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்துகொண்டிருந்தார். கணவர் போரில் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகளையும் வயதான தாயையும் வைத்துக் குடும்பம் நடத்தினார். அவர் உடனே சம்மதிக்கவில்லை. அண்ணாவை வாசலில் நிறுத்தி வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், இது நிலைக்குமா என்று. அண்ணா, ஓம், நான் இருக்கிறன் என்று சொன்னார். இதை வீட்டுக்கு வந்து பெருமையாகவே எங்களுக்குச் சொன்னார்.

இயந்திரம் லொறிகளில் வந்து இறங்கியது. வேறு நாட்டில் பாவித்து முடித்தது. ஆனால் உருளைகள் நன்றாக இருப்பதாக அண்ணா சொன்னார். கொட்டகை எழும்பியது. உலை கட்டினார்கள். உலைக்கு வேண்டிய பெரிய மின் இணைப்பு மட்டும் வரவில்லை. வரும் வரைக்கும் ஜெனரேற்றரில் ஓட்டிப் பார்ப்போம் என்று நிறுவனம் சொன்னது. அதற்குள் மாரி தொடங்கிவிட்டது.

முதலாவது தடவை உருட்டிய அன்று நானும் போயிருந்தேன். சூடான கட்டி உருளைகளுக்கிடையில் போய் வந்து, போய் வந்து நீண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆறிய பிறகு பார்த்தால் தகடு முழுக்கக் கொப்புளம். பொரித்த பப்படம் மாதிரி இருந்தது. அண்ணா அதன்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, யாரிலும் பிழையில்லை, ஈரம் புகுந்திருக்கிறது என்றார். வளைகுடாவின் வறண்ட காற்றில் பழகியவர், மாரிக்காற்றை நினைத்துப் பார்க்கவில்லை. தகட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த ஈரம் இடையில் அகப்பட்டு, சூட்டில் ஆவியாகி ஊதியிருந்தது.

அடுத்த ஆறு வாரமும் அண்ணா வீட்டில் சாப்பிட்டது குறைவு. கொட்டகைக்குள்ளே ஒட்டுப்பலகையால் ஒரு சிறிய அறை அடித்தார். கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுப்பதுபோல் அதற்குள் மின்குமிழ்களை எரிய விட்டுத் தகடுகளைச் சூடாகவே வைத்திருந்தார். துடைப்பவர்கள் அந்த அறைக்குள் நின்றே துடைத்தார்கள். வியர்வை விழக்கூடாது என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டார்கள். கோமதி அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார்.

இரண்டாவது தடவை கொப்புளம் வரவில்லை. அண்ணா ஓரத்திலிருந்து சிறு கீற்று ஒன்றை வெட்டிக் கோமதியிடம் கொடுத்தார். கோமதி அதை முன்னும் பின்னுமாக முறியும் வரை வளைத்தார். முறிந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, பிரியேல்ல" என்றார்.

அன்று பிற்பகல் ஒரு துண்டைக் கிடத்தி, அதன்மேல் இன்னொன்றை நிமிர்த்தி நிறுத்திச் சிறிய உலைக்குள் வைத்துச் சூடாக்கினார்கள். வெளியே எடுத்தபோது இரண்டும் சேருகிற இடம் முழுக்க மேல்தோல் உருகி ஓடி, பேனையால் கோடு இழுத்தது போல் ஒரே சீராகப் பிடித்திருந்தது. அண்ணா அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். எனக்கும் தந்தார். அவர் அப்படிச் சந்தோசமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாதிரித் தகடுகள் வெளிநாட்டுக்குப் போயின. தகடு நன்றாக இருக்கிறது என்று பதிலும் வந்தது. ஆனால் அதற்குள் நாட்டில் டொலர் இல்லாமல் போய்விட்டது. கட்டிகளை இறக்குமதி செய்ய முடியவில்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நாங்கள் எல்லோரும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஆலை நின்றது. கொஞ்ச நாளில் சம்பளமும் நின்றது. நிலைமை சீரானதும் தொடங்குவோம் என்று நிறுவனம் சொன்னது. அண்ணா அதை நம்பினார், மற்றவர்களையும் நம்பச் சொன்னார்.

இனி எழுதுவதை அண்ணாவே ஒளித்ததில்லை. ஆலை நின்று மூன்று மாதத்தில் ஆடைத் தொழிற்சாலை கோமதியைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டது. அவர் அண்ணாவிடம் வந்து யோசனை கேட்டார். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று அண்ணா சொன்னார். அந்த அறை வேலையைப் பொறுப்பாக நடத்தத் தெரிந்தவர் கோமதி மட்டும்தான், அவரை விட்டால் இன்னொருவரைப் பழக்க நாள் எடுக்கும் என்று அண்ணாவுக்குப் பயம். கோமதி பொறுத்தார். ஒரு மாதம் போய், இன்னொரு மாதமும் போயிற்று. தொழிற்சாலையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவர் தொலைபேசியில் பேசினார். தாங்கள் இருவரும் பிரிந்துவிட்டதாகவும், தகட்டை இங்கே உருட்டுவதைவிட வெளியில் வாங்கி விற்பது மலிவு என்றும் சொன்னார். அண்ணா சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கீழே வைத்தார். அன்றே பதினெட்டு வீட்டுக்கும் போய் வாசலில் நின்று, ஆலை இனி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். சில வீடுகளில் உள்ளே வரச் சொன்னார்கள். சில வீடுகளில் சொல்லவில்லை.

அதன் பிறகும் ஓராண்டுக்கு மேலாக, வாரம் இரண்டு முறை, அண்ணா பரந்தனுக்குப் போய் உருளைகளுக்கு எண்ணெய் பூசிவந்தார். துருப் பிடித்தால் வேறு எவரும் எடுத்து நடத்த முடியாமல் போய்விடும் என்றார். எடுத்து நடத்த எவரும் வரவில்லை. கடைசியில் நிறுவனத்தார் காணியை விற்றுவிட்டு, இயந்திரத்தைக் கழற்ற ஆட்களை அனுப்பினார்கள். கழற்றத் தெரிந்தவர் என்று அண்ணாவையே கூப்பிட்டார்கள். அண்ணியும் நானும் போகவேண்டாம் என்று மறித்தோம். தெரியாதவர்கள் கழற்றினால் உருளையில் கீறு விழும் என்று சொல்லிப் போனார். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டு நான் போனபோது, அண்ணா உருளைகளுக்கு எண்ணெய்த் தாள் சுற்றி, அதன்மேல் சாக்குச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். லொறிச் சாரதி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போய், "ஐயா, இது பழைய இரும்புக்குத்தான் போகுது. சுத்த வேண்டாம்" என்றார்.

அண்ணா அந்த முடிச்சைப் போட்டு முடித்தார். மற்ற உருளையையும் சுற்றிக் கட்டினார். லொறி போன பிறகு நான் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

மறுபடியும் வளைகுடாவுக்குப் போவதென்று முடிவெடுத்தார். பழைய ஆலையில் அவருக்கு இடம் இருந்தது. போவதற்கான மருத்துவப் பரிசோதனையில்தான் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பலருக்கு வந்திருக்கும் அதே நோய். எதனால் வருகிறது என்று எங்களுக்கு யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. எனது சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன். எனக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதால் எடுக்க முடியாது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்காக அண்ணாவைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பரந்தன் தரிப்பிடத்தில் பேருந்து நிற்கும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். தெரிந்தவர் யாராவது ஏறி வணக்கம் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

கோமதி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளைத் தாயாரிடம் விட்டிருக்கிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். அண்ணா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோமதி, உங்களை நான்தான் கெடுத்தது" என்றார்.

"கெடுக்கவேணும் எண்டு நீங்கள் செய்யேல்ல அண்ணை. அது எனக்குத் தெரியும்" என்றார் கோமதி. பிறகு, "ஆனா நான் கேட்டனான். நிலைக்குமோ எண்டு கேட்டனான். தெரியாது எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றார்.

கோமதி கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணாவுக்கு இலேசாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த பழங்களை மேசையில் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தார். நான் வாசல் படலை வரைக்கும் கூடப் போனேன். எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. அண்ணாவை வாங்கோ என்று கூப்பிட்டது நான். அதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணா இனி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதார். அண்ணி காலைப் பிடித்துக் கேட்டார். நான் சண்டை பிடித்தேன், வாகனம் பிடித்துத் தருகிறேன், பேருந்தில் அலையவேண்டாம் என்றேன்.

"பஸ்ஸில ஏற ஏலாமல் இல்லைப் பிள்ளை" என்றார். "ஏறி எதுக்கு எண்டுதான் தெரியேல்ல."

அம்மாவுக்காக, அண்ணிக்காக என்று சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் எழும்பவில்லை. பதினாறாம் நாள், மத்தியானம், அண்ணி சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போன நேரத்தில் அண்ணாவின் மூச்சு நின்றது. நாற்பத்தாறு வயது. கடைசியாக எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில், கதிரையை நிழலுக்குள் இழுத்துவிடச் சொன்னார். அவ்வளவுதான்.

செய்தி கேட்டு ஓடிவந்து எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், துணுக்காயிலிருந்து வந்து இன்றுவரை அண்ணியோடு தங்கியிருக்கும் அவருடைய சகோதரிக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், இத்தனை மாதங்களும் அண்ணாவை முகம் சுளிக்காமல் பார்த்த தாதியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வளைகுடாவில் அண்ணாவோடு வேலை செய்த நண்பர்கள் அங்கிருந்து தொலைபேசியில் அழுதார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஆலையில் வேலை செய்த பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் இறுதிக்கிரியைக்கு வந்திருந்தீர்கள். மதிலோரமாக ஒன்றாக நின்றதைக் கண்டேன். சாப்பிடாமலே போய்விட்டீர்கள். இந்த மலரை உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். கோமதியின் பிரதியை அவருடைய தாயாரிடம் கொடுப்பேன், பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வருவேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க அண்ணாவுக்கு வாசல் வாசலாக நிற்கத் துணிவு இருந்தது. எனக்கு இதுவரை இருக்கவில்லை. அண்ணாவைக் கூப்பிட்டது நான். உங்களிடம் அவர் வந்ததற்கு முதற்காரணம் நான். இதை நீங்கள் என் வாயால் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் வருகிறேன். என்னை உள்ளே கூப்பிடவேண்டும் என்றில்லை.

அண்ணாவின் தங்கை,
ஜெயபுரம்.